கடைசி வரப்புக்கு எட்டாத சங்கு

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

1. சித்திரை முடியப்போகும் ஒரு பிற்பகலில் மரக்காணம் உப்பளத்துக்கு மேற்கே வானம் கறுத்தது. வாரிக் குவித்திருந்த உப்பை மழைக்கு முன்னால் ஓலை போட்டு மூடப் பெண்கள் பாத்திகளுக்கு இறங்கியிருந்தார்கள்.

2. சாலையோரக் கொட்டகையில் இருந்த மேஸ்திரி, கைபேசியில் இடி எச்சரிக்கை வந்ததும் மின்சாரச் சங்கை அழுத்தினார். சங்கு கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடிவர வேண்டும் என்பது ஏற்பாடு.

3. கிட்டத்துப் பாத்திகளில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள்.

4. கடல் பக்கம், கடைசி வரப்பில் இருந்த என் அம்மாவும் அவள் கூட்டத்துப் பெண்கள் பதினோரு பேரும் வரவில்லை.

5. அவர்களுக்குக் கொஞ்ச தூரத்தில் நின்ற ஒரு பனைமரத்தில் மின்னல் இறங்கியது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஒருத்தி மட்டும் சாயங்காலம் வரை பேசவில்லை.

6. மறுநாள் மேஸ்திரி அம்மாவிடம், "உனக்குக் காது போயிடுச்சும்மா. சீசன் முடியட்டும், அப்புறம் கொட்டாயில உக்காந்து மூட்ட தைச்சுக்க" என்றார்.

7. அந்தச் சங்கு கடைசி வரப்பு வரை தெளிவாகக் கேட்கிறது என்று சோதித்து எழுதிக் கொடுத்தவள் நான்.

இப்போது படித்துப் பார்த்தால் வரிசை தவறு. ஏழாவதாக இருப்பதுதான் முதலில் நடந்தது. மாசி மாதமே நடந்தது. பட்டியல் போடும்போது அதை எப்படியோ கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன்.

சத்தத்தை அளப்பது என் வேலை. மின்னணுவியல் படித்துவிட்டுப் புதுச்சேரிப் பக்கம் ஒரு சிறிய நிறுவனத்தில் இருக்கிறேன். கம்ப்ரசரும் ஜெனரேட்டரும் ஓடும் இடங்களுக்குப் போய், முக்காலியில் டெசிபல் மீட்டரை நிறுத்தி, எண்களைக் குறித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். உப்பள முதலாளி சங்கு வாங்கியபோது அம்மாவிடம், "உம் பொண்ணு சத்தம் அளக்கறவதானே, வந்து பாத்துச் சொல்லச் சொல்லு" என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்குப் பெருமை. ஆனால் என்னிடம் சொன்னபோது, "லீவு இருந்தா வா, இல்லன்னா வேணாம்" என்றுதான் சொன்னாள்.

உப்பளத்தில் நாள் சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் முடிந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் வாரி முடிக்க வேண்டும் என்பதால் நாலரைக்கே பாத்தியில் ஆள் இருக்கும். பத்து மணிக்கு மேல் வெள்ளைக் குவியல்களைத் தவிர அங்கே பார்க்க எதுவும் இருக்காது. அதனால் மோட்டாரைப் பழுது பார்ப்பதானாலும், யாரையாவது கூப்பிட்டு ஏதாவது கேட்பதானாலும், உப்பளத்தில் எல்லாவற்றுக்கும் நேரம் விடியற்காலைதான். சங்கைச் சோதிக்க ஐந்தரைக்கு வரச் சொன்னார்கள். எனக்கும் அது சரியாகவே பட்டது. காற்று அடிக்கும்போது அளக்காதே என்பது எங்கள் வேலையின் அரிச்சுவடி. மீட்டரின் மைக்கில் காற்று மோதினால் எண் பொய்யாகிவிடும். அமைதியான நேரமாகப் பார்த்து அளக்க வேண்டும். உப்பளத்தின் வழக்கமும் என் படிப்பும் ஒரே நேரத்தைச் சொன்னதால், இரண்டில் எதையும் நான் சந்தேகப்படவில்லை.

அன்று விடியலில் சங்கு கேட்டது. கேட்டது என்று சொன்னால் போதாது. கொட்டகைக்கும் கடைசி வரப்புக்கும் நடுவே தொள்ளாயிரம் மீட்டர் இருக்கும். ஆனால் சங்கு என் தோளுக்குப் பின்னால் ஊதியதுபோல் இருந்தது. பெண்களில் ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டு, "போதும்னு சொல்லும்மா, புதுச்சேரில இருந்து போலீஸ் வரப் போறான்" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். "கடைசி வரப்பு வரை தெளிவாகக் கேட்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இந்தச் சங்கு எந்த நேரத்தில் தேவைப்படும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பிற்பகலில் ஒருவர் பாத்திக்கு இறங்குகிறார் என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். மழை வரும்போல் இருக்கிறது, உப்பை மூட வேண்டும். மற்ற வேலைக்காரர்கள் எல்லாம் வானம் கறுத்தால் வீட்டைப் பார்த்து நடப்பார்கள். உப்பளத்துக்காரர்கள் மட்டும் அப்போதுதான் வீட்டிலிருந்து வெட்டவெளிக்குப் போவார்கள்.

மேஸ்திரி சொன்னதை அம்மா என்னிடம் சனிக்கிழமை சொன்னாள். சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"காது போயிடுச்சாம் எனக்கு."

"யாரு சொன்னா?"

"மேஸ்திரி. மூட்ட தைக்கணுமாம்."

மூட்டை தைக்கிற இடம் கொட்டகையின் பின்பக்கம். முட்டி தேய்ந்தவர்களும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கடைசிப் பாத்திகளின் கூட்டம் பல வருடங்களாக அவள் பேச்சில் நடப்பது. எப்போது தண்ணீர் குடிப்பது, எப்போது கரையேறுவது, எந்தப் பாத்தி இன்னும் இரண்டு நாள் காய வேண்டும், எல்லாம் அவள் சொல்வதுதான். அந்தப் பதினோரு பேரும் மேஸ்திரியைவிட அவளுக்குத்தான் பயப்படுவார்கள். அவளைக் கொட்டகையில் உட்கார வைத்தால் சம்பளம் பெரிதாகக் குறையாது. ஆனால் நாள் முழுதும் ஊசியைப் பார்த்துக் குனிந்திருக்கும் அம்மாவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இருந்தாலும் நான் கேட்டது இதுதான்: "அன்னிக்கி உனக்கு சங்கு கேக்கவே இல்லியாம்மா?"

"கேட்டுச்சு. அப்புறம் போச்சு. திரும்ப எதோ லேசா வந்துச்சு. காத்துல இன்னாத்தயோ எடுத்து எறிஞ்சா மாதிரி. அதுக்குள்ள இடி."

"விட்டு விட்டு கேட்டுச்சா?"

"அதத்தாண்டி சொல்றேன்."

விட்டு விட்டுக் கேட்பது என்றதும் எனக்கு நரம்புக் கோளாறுதான் நினைவுக்கு வந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. மீட்டர் பிடித்துச் சம்பாதிக்கிறவள் நான். எனக்கு முதலில் சந்தேகம் வந்தது அம்மாவின் காதின்மேல்தான், என் தாளின்மேல் இல்லை. அடுத்த வாரமே அவளைப் புதுச்சேரியில் ஒரு காது மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

கண்ணாடி வைத்த சின்ன அறை. காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். உள்ளே அம்மா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள். இறக்கினாள். தூக்கினாள். நடுவில் ஒரு முறை கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்து கைபேசியைப் பார்ப்பதுபோல் நின்றேன்.

சோதனை செய்த பெண் வரைபடத்தைக் காட்டினார். வலது காது சரியாக இருக்கிறது. இடது காதில், கீச்சுக் குரலுக்கு மட்டும் கொஞ்சம் குறைவு, வயதுக்குத் தகுந்ததுதான் என்றார். சங்கின் சத்தம் அந்தக் கீச்சுப் பக்கம் இல்லை, நன்றாகக் கீழே இருக்கிறது. அது அவளுக்குக் கேட்டுத்தான் இருக்க வேண்டும்.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. கீழ்புத்துப்பட்டு தாண்டும் வரை அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள்.

"காது நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லிட்டாங்க இல்ல?"

"ஆமாம்மா."

"அப்ப கோளாறு வேற எங்கயோ இருக்குது. அத எந்த ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போகப் போற?"

கோபமாகக் கேட்கவில்லை. பேருந்து எங்கே நிற்கும் என்று கேட்பதுபோல் கேட்டாள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதன் பிறகு என்னால் எங்கேயும் நிலையாக உட்கார முடியவில்லை. அலுவலகத்தில் எழுதிக்கொண்டிருந்தால் வாசலுக்கு வந்து நிற்பேன். எந்தச் சத்தத்தையும் பாதியில் விட முடியாமல் போனது. வேலைக்காகக் குயிலாப்பாளையம் போன ஒரு நாள், எங்கோ கல்யாண வீட்டில் ரேடியோ செட் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு காதுக்குள் வந்து நிற்கும், பாதி வரியில் தேய்ந்துபோகும், மறுபடி அடுத்த வரியின் நடுவில் பெரிதாக எழும்பும். யாரும் ஒலியைக் கூட்டிக் குறைக்கவில்லை. உச்சி வெயில், தெருவில் மண் தகித்தது. டீக்கடை முன்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்து, எத்தனை விநாடி கேட்கிறது, எத்தனை விநாடி இல்லை என்று கையில் எழுத ஆரம்பித்துவிட்டேன். கடைக்காரர், "இன்னாம்மா, கல்யாணத்துக்கு மொய் எழுதறியா?" என்று கேட்டார்.

அங்கேதான் உறைத்தது. தெரியாத விஷயம் ஒன்றும் இல்லை. கல்லூரியில் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். நாங்கள் அளப்பதெல்லாம் சுற்றுச்சுவருக்குள், ஐம்பது அறுபது மீட்டருக்குள். அவ்வளவு தூரத்தில் வானிலை பெரிதாக விளையாடாது. தொள்ளாயிரம் மீட்டர் வேறு கதை என்பதைத்தான் மறந்திருந்தேன்.

அந்த வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு, மீட்டரை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஆனால் முதல் நாள் தூறியதால் ஓலைகளைச் சரி செய்ய அம்மாவின் கூட்டம் பிற்பகலில் இறங்கியிருந்தது. இரண்டரை மணிக்குக் கடைசி வரப்பில் முக்காலியை ஊன்றினேன். கடலிலிருந்து காற்று நேராக முகத்தில் அடித்தது. பாத்திகளுக்கு மேலே வெயில் அலையலையாக ஆடியது. கொட்டகையின் கூரை தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளிந்தது.

கைபேசியில் மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

"இப்ப ஒரு வாட்டி சங்கு அழுத்த முடியுமாங்க? நிறுத்தாம, இருபது எண்ணற வரைக்கும்."

"எதுக்கும்மா? ஊருல எல்லாம் பயந்துடுவான்."

"சும்மா டெஸ்ட்டுக்குங்க."

"சரி, அழுத்தறேன். இந்தா!"

கைபேசி வைத்திருந்த காதில் சங்கு அலறியது. மறு காதில் காற்று மட்டும்தான். சத்தம் அந்தத் தூரத்தைக் கடக்க மூன்று விநாடிகூட ஆகாது. மூன்று எண்ணினேன். ஐந்து. எட்டு. கைபேசியில் அது இன்னும் அலறிக்கொண்டிருந்தது. ஒன்பதில் எங்கிருந்தோ ஒரு துண்டு வந்தது, தெளிவாக, ஒரு விநாடி. பிறகு அதுவும் இல்லை. மீட்டரில் எண் காற்றின் இரைச்சலோடு ஏறி இறங்கியதே தவிர, சங்குக்கென்று தனியாக எழும்பவில்லை.

"கேக்குதாம்மா?" என்று மேஸ்திரி கைபேசிக்குள் கத்தினார்.

கைபேசியை அணைத்தேன். பின்னால் நின்ற சித்தி சிரித்தாள். அம்மாவின் பல வருடக் கூட்டாளி அவள். சொந்தமில்லை, சித்தி என்று கூப்பிட்டுப் பழக்கம். மின்னல் விழுந்த அன்று சாயங்காலம் வரை வாய் திறக்காதவள் அவள்தான்.

"இன்னா இன்ஜினியரு, உனக்கும் காது போயிடுச்சா? வா, ஆத்தாளும் பொண்ணும் ஜோடியா உக்காந்து மூட்ட தைங்க."

"இல்ல சித்தி. கேக்கல. யாருக்குமே கேக்காது."

"அதத்தான் ஒங்கம்மா அன்னிலேர்ந்து சொல்றா." அவள் ஓலையைத் தட்டிப் போட்டாள். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னாள். "முன்னெல்லாம் ஒங்கம்மா வானத்தப் பாத்துக்கினே இருப்பா. கறுத்துச்சுன்னா வுட்டு ஓடியாங்கடின்னுவா. அன்னிக்கி நான் போலாமான்னு கேட்டேன். எம் பொண்ணு பாத்த சங்குடி, கேக்கும், குனிஞ்சு வேலையப் பாருன்னா."

அம்மா பத்தடி தள்ளி நின்றாள். இதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும். திரும்பவில்லை.

என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும். பகலில் தரையை ஒட்டிய காற்றுதான் அதிகச் சூடு, மேலே போகப் போகக் குறைவு. பலர் கைகோத்து வரிசையாக நடக்கும்போது ஒரு முனையில் இருப்பவர் வேகமாக நடந்தால் வரிசை மறுமுனைப் பக்கம் திரும்பிவிடும். ஒலிக்கும் அதுதான். கீழ்முனை முந்துகிறது, மேல்முனை பின்தங்குகிறது, அலை மொத்தமும் வானத்தைப் பார்த்துத் திரும்பிவிடுகிறது. இதோடு கடற்காற்று வேறு. காற்று தரையருகே மெதுவாகவும் மேலே பலமாகவும் அடிக்கும். எதிர்த்துப் போகிற ஒலியின் மேல்முனையை அது இன்னும் பின்னுக்குப் பிடித்து இழுக்கும். கொட்டகையிலிருந்து கடலை நோக்கிப் போகிற சங்கு பாதி வழியில் தரையை விட்டு எழும்பி, அம்மாவின் தலைக்கு மேலே எங்கோ போய்விடுகிறது. அவள் நிற்பது ஒலியின் நிழலில்.

விடியலில் எல்லாம் தலைகீழ். தரை குளிர்ந்திருக்கும், காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். ஒலி கீழே வளைந்து தரையோடு தரையாக ஓடி வரும். ஒரு நாளில் மிக நன்றாகக் கேட்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்து அளந்துவிட்டு, அதை எல்லா நேரத்துக்கும் எழுதிக் கொடுத்திருந்தேன்.

நிழலில் நிற்பவருக்கு ஒன்றுமே கேட்காமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. சங்கு வேலை செய்யவில்லை என்றாவது தெரிந்துவிடும். சிக்கல் அந்தத் துண்டுகளில் இருந்தது. வெயிலில் கொதித்து எழும் காற்று ஒரே சீராக எழுவதில்லை. உருண்டை உருண்டையாக, சுழல் சுழலாக எழும். மேலே போய்க்கொண்டிருக்கும் ஒலி அவற்றில் பட்டுச் சிதறி, அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் கீழே விழும். அதுதான் அம்மா சொன்னது, எடுத்து எறிந்த மாதிரி என்று. ஒருவருக்குக் கேட்கும், பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. கேட்டவரும் அடுத்த விநாடி தன் காதையே சந்தேகப்படுவார்.

மேஸ்திரியிடம் போய் என் தாள் தவறு என்று சொன்னேன். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"காத்து இன்னாம்மா பண்ணும்? காத்து தெனம்தான் அடிக்குது."

"தெனம்தாங்க கேக்காம இருக்கும். மத்தியானத்துல நாம அழுத்திப் பாக்கல, அவ்ளோதான்."

"கேக்குதுன்னு எழுதுனது யாரு?"

"நான்தாங்க."

"இப்பக் கேக்கலன்னு எழுதப் போறது யாரு?"

"நான்தாங்க."

"ம். பெத்தவளுக்கு வேல போகுதுன்னதும் பேப்பர் மாறுது." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நான் உன்னக் குத்தம் சொல்லல. எம் பொண்ணா இருந்தாலும் இதத்தான் செய்யும். ஆனா மொதலாளி கேட்டா நான் எந்தப் பேப்பரக் காட்டுறது?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. அன்று சங்கை அழுத்திவிட்டு, கடைசி வரப்பில் யாரும் அசையாததைப் பார்த்துக் கொட்டகை வாசலில் கத்திக்கொண்டே நின்றவர் அவர்தான். மின்னல் இறங்கியபோது அவருக்குக் கைகால் ஓடவில்லை என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அம்மாவின் காது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

மகள் எழுதும் இரண்டாவது தாளை யாரும் நம்பப் போவதில்லை என்பது எனக்குப் புரிந்தது. அதனால், "நீங்களே வந்து நில்லுங்க" என்றேன்.

சனிக்கிழமை பிற்பகல் வந்தார். கொட்டகையில் லோடு ஏற்றும் ஆள் ஒருவரைச் சங்கிடம் நிறுத்தினோம். பத்து முறை, ஒவ்வொன்றும் இருபது எண்ணும் வரை, இடைவெளி அவர் இஷ்டம். பன்னிரண்டு பெண்களும் மேஸ்திரியும் வரப்பின் நீளத்துக்குக் கைக்கெட்டாத தூரம் விட்டு, கடலைப் பார்த்து நின்றார்கள். கண்ணை மூட வேண்டும், கேட்டால் கையைத் தூக்க வேண்டும், கேட்காமல் போனால் இறக்க வேண்டும். சங்கு எப்போது ஊதுகிறது என்பது, அந்த ஆளின் கைபேசி அழைப்பை ஹெட்போனில் கேட்டபடி பின்னால் நின்ற எனக்கு மட்டும் தெரியும். நோட்டில் பதின்மூன்று கட்டங்கள் போட்டு வைத்திருந்தேன். மேஸ்திரிக்குப் பதின்மூன்றாவது.

முதல் முறை, வடக்கு ஓரத்தில் மூன்று கைகள் எழுந்தன. உடனே இறங்கின. இரண்டாவது முறை ஒரு கையும் இல்லை. மூன்றாவதில் அம்மாவும் அவளுக்கு இரண்டு பக்கமும் நின்றவர்களும் ஏறக்குறைய ஒன்றாகத் தூக்கினார்கள்.

நான்காவது முறை மேஸ்திரியின் கை மட்டும் எழுந்தது.

"இதோ! கேக்குது பாரு! நல்லா கேக்குது!" என்று கண்ணைத் திறந்து வரிசையைப் பார்த்தார். வேறு ஒரு கையும் மேலே இல்லை. "யாரும் தூக்கலியா? ஏம்மா, இது கேக்கல ஒங்களுக்கு?"

சித்தி கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். "மேஸ்திரிக்கு மட்டும் தனியா ஊதறாங்களாடி?"

வரப்பு முழுவதும் சிரிப்பு பரவியது. அந்த முறையைக் கணக்கில் எடுக்க முடியாமல் இன்னொன்று சேர்க்க வேண்டியிருந்தது.

ஏழாவது முறைதான் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தெற்கு முனையில் ஒரு கை எழுந்தது, பிறகு அடுத்தது, பிறகு அதற்கடுத்தது. முதல் கை இறங்கும்போது ஐந்தாவது எழுந்தது. அப்படியே வரிசையில் பாதி தூரம் வந்து, நடுவில் நின்றுபோனது. பாடப் புத்தகத்தில் கோடுகளாகப் பார்த்ததைச் சுண்ணாம்பு படிந்ததுபோல் உப்பு காய்ந்த கைகளாகப் பார்த்தேன். சங்கு அந்த இருபது எண்ணிக்கையும் ஒரே சீராகத்தான் ஊதிக்கொண்டிருந்தது. ஹெட்போனில் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

முடிந்ததும் கட்டங்களைப் படித்தேன். பத்தில் நான்குக்கு மேல் யாருக்கும் கேட்கவில்லை. அம்மாவுக்கு மூன்று. மேஸ்திரிக்கு இரண்டு. சித்திக்கு ஒன்று.

"ஒண்ணா? எனக்கா?" என்றாள் சித்தி.

"எந்நேரமும் பேசிக்கினே இருந்தா எப்படிக் கேக்கும்?" என்றாள் அம்மா. பல நாட்களுக்குப் பிறகு அவள் அங்கே போட்ட முதல் சத்தம் அதுதான் என்று பிறகு சொன்னார்கள்.

சித்தி விடவில்லை. "சரிதான், எனக்கு ஒண்ணு. மேஸ்திரிக்கு ரெண்டுதான? ஊசியும் சணலும் நானே எடுத்து வெக்கறேன் மேஸ்திரி. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கலாம்."

மேஸ்திரி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கொட்டகைப் பக்கம் திரும்பி, நெளிந்துகொண்டிருந்த அந்தக் கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப அன்னிக்கி நான் ஊதுனது யாருக்கும் போய்ச் சேரல" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு தனியாக வரப்பில் நடந்து போனார்.

இரண்டாவது தாளை அங்கேயே, முக்காலிப் பெட்டியின்மேல் வைத்து எழுதினேன். விடியலில் கேட்கும், பிற்பகலில் கடைசி வரப்புக்கு எட்டாது, முதல் தாளில் எழுதியது தவறு. கீழே கையெழுத்து. முதலாளியிடம் கொடுக்கும்போது மேஸ்திரி என்னோடு வந்தார். "நானும் நின்னு பாத்தங்க" என்று மட்டும் சொன்னார். அது என் மூன்று வரியைவிட அதிகம் வேலை செய்தது.

சங்கைக் கடல் பக்கம் மாற்றினால் பிற்பகலில் காற்றோடு போகும், ஒலி கீழே வளையும், பாத்திகள் எல்லாவற்றுக்கும் கேட்கும் என்றேன். முதலாளி ஒப்புக்கொண்டார். ஆனால் கடல் பக்கம் கரண்ட் கிடையாது. பேட்டரியும் சோலார் தகடும் வேண்டும். அவை உப்புக் காற்றில் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்கே உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே எழுதிக் கொடுத்தேன்.

அம்மாவை மூட்டை தைக்கப் போகச் சொன்ன பேச்சை மேஸ்திரி மறுபடி எடுக்கவில்லை. தவறாகச் சொல்லிவிட்டேன் என்றும் சொல்லவில்லை. நானும் அம்மாவிடம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வாரம் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று, "ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனது தப்பும்மா" என்றேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "கேக்குது" என்றாள். தட்டுகளை வாங்கித் துடைத்து வைத்தேன்.

அவள் மனத்தில் அந்த இடது காது இருக்கிறது என்று நினைக்கிறேன். யாராவது பேசினால் இப்போது வலது பக்கமாகக் கொஞ்சம் திரும்பிக்கொள்கிறாள். முன்பு அப்படிச் செய்வாளா என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு நினைவில்லை.

இன்றைய நிலைமை இது. கடல் பக்கம் கம்பம் நட்டாகிவிட்டது. பேட்டரியும் தகடும் இன்னும் வரவில்லை. பழைய சங்கு கொட்டகையில்தான் இருக்கிறது. வானம் கறுத்தால் மேஸ்திரி அதை அழுத்துகிறார், அழுத்திவிட்டு ஆளை வண்டியில் வரப்புக்கு அனுப்புகிறார். கடைசிப் பாத்திகளில் பதினோரு பேர் ஓலை போடுகிறார்கள். ஒருத்தி எந்த வேலையும் செய்யாமல் மேற்கே வானத்தைப் பார்த்து நிற்கிறாள். முறை வைத்து மாற்றிக்கொள்கிறார்கள். முறையைச் சொல்வது அம்மா.